வெட்டி ஒட்டத்தான் வேண்டுமா?

கீபோர்டு வாசிக்கிறவன் என்று தெரிந்தால் நம் பக்கம் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் குரூப்ல இருக்க?" என்பதுதான். கல்யாணக் கச்சேரி, சர்ச் கொயர், கோயில் திருவிழா, ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். "சும்மா வீட்ல வாசிச்சு ரெக்கார்டு பண்றேன்" என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். 2019-ல் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்க டி.வி. போட்டியில் ஜெயித்த பிறகு கூடுதலாக ஒரு யோசனையும் கிடைக்கிறது: "அவன மாதிரி ஸ்பீடா வாசிடா!"

வீட்டில் செய்கிற பதிவு மட்டமானது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் ஸ்டூடியோ போட்டார். 1992-ல் ரோஜா வந்தது. நம்மிடம் ஸ்டூடியோ இல்லை. அரிசி டிரம் மேல் நிறுத்தி வைத்த செல்போன் இருக்கிறது. அது போதும்.

நான் எடுத்துக்கொண்டது பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டா, மூன்றாம் பகுதி. 1801-ல் எழுதியது. எல்லோருக்கும் தெரிந்த அந்த அமைதியான முதல் பகுதி அல்ல, இது புயல். நல்ல கைகளுக்கே ஏழு நிமிஷம் மூச்சு வாங்கும். என் கீபோர்டில் 61 கட்டை. "பியானோவுக்கு 88 ஆச்சே" என்பீர்கள். பீத்தோவன் அதை எழுதிய காலத்துப் பியானோக்களுக்கும் பெரும்பாலும் ஐந்து ஆக்டேவ்தான், அதே 61! ஆனால் அவை இன்னும் கீழே இருந்து தொடங்கும். அதனால் அடி சுரங்கள் சிலவற்றை நான் ஓர் ஆக்டேவ் மேலே தூக்கித்தான் வாசிக்கிறேன். பீத்தோவன் மன்னிப்பாராக.

சிவகாசியில் இருந்துகொண்டு அமைதியான ஏழு நிமிஷம் தேடுவது தனிக் கதை. பக்கத்துச் சந்தில் ஆப்செட் பிரஸ். அது போடுகிற தாளம் ஒன்று, என் தாளம் ஒன்று. பிரஸ் நிற்பது மாதாந்திர மின்தடை அன்றைக்குத்தான். கீபோர்டு ஆறு பெரிய பேட்டரிக்கட்டையில் ஓடும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, வேர்க்க வேர்க்க வாசித்தேன்.

நாலாவது நிமிஷத்தில் 'டொம்' என்று ஒரு சத்தம். தீபாவளிச் சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியை மறந்தவர்கள் யார்? கையை எடுத்துவிட்டேன். போன் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தது. அம்மா வாசலுக்கு ஓடுவதும், "எந்தப் பக்கம்க்கா?" என்று தெருவே கேட்பதும், அம்மா தன் போனில் சித்தப்பாவைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதும் அதில் இருக்கின்றன. சித்தப்பா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். கடைசியில் எடுத்தார்: "நாங்க இல்ல மதினி, பக்கத்து ஆலை. எல்லாரும் சாப்பிட வெளிய வந்துட்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல." பன்னிரண்டு நிமிஷம். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து முடித்தேன்.

ஹாஸ்டல் நண்பன் கேட்டுவிட்டு, "நடுவுல இருக்கறதத் தூக்கிடு மச்சான். ரெண்டு பக்கமும் ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது" என்றான். உண்மை, தெரியாது. கனடாவின் கிளென் கோல்ட் 1964-ல் மேடைக் கச்சேரியையே நிறுத்திவிட்டு ஒலிப்பதிவுக்குள் போனவர். பாக்கின் ஒரு ஃபியூகில், ஆறாவது தடவை வாசித்ததையும் எட்டாவது தடவை வாசித்ததையும் வெட்டிச் சேர்த்தார். அதை வெளிப்படையாக எழுதவும் செய்தார். அது தப்பில்லை என்பதே என் கருத்து. அவரிடம் இரண்டு நல்ல வாசிப்பு இருந்தது, இரண்டிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்தார். நாம் வெட்டுவது எதற்கு? முக்கால்வாசி நேரம், வராத இடம் வந்த மாதிரி காட்டத்தான். அதே கோல்ட், அப்பா செய்து கொடுத்த நாற்காலியின் கிரீச் சத்தத்தையும் தன் முணுமுணுப்பையும் பதிவில் விட்டுவைத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

என் பதிவில் முன்பாதி வேகமாக, கொஞ்சம் அலட்டலாகவே இருக்கும். பின்பாதி வேகம் குறைவு. இடது கை சில இடங்களில் தயங்கும். நடுவில் உள்ள பன்னிரண்டு நிமிஷத்தை எடுத்துவிட்டால், இந்தப் பையனுக்கு ஸ்டாமினா இல்லை என்றுதான் கேட்கிறவர் நினைப்பார். இங்கே உட்கார்ந்து பீத்தோவன் வாசித்தால் இப்படித்தான் வரும். வியன்னாவில் பதிவு செய்த மாதிரி நான் ஏன் நடிக்க வேண்டும்? அந்த மாதிரிப் பதிவுகள் உலகத்தில் ஏராளம், நம்முடையது ஒன்று கூடி என்ன ஆகப் போகிறது? சித்தப்பா குரல் உள்ள பதிவு இது ஒன்றுதான்.

அப்படியே வைத்திருக்கிறேன், மொத்தம் இருபது நிமிஷம் சொச்சம். கேட்க ஆசைப்படுகிற நண்பர்கள் ஹாஸ்டல் பக்கம் வரலாம். ஹெட்போன் ஒன்றுதான் இருக்கிறது, ஒவ்வொருத்தராக வாங்க.