காவலனும் தூதனும்

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவருடையது. அவருடைய அம்மம்மா நடுச்சாமத்தில் எவரையும் எழுப்பாது தாமே எழுந்து நடக்கும் வழக்கமுடையவர். அவர் கட்டிலைவிட்டு இறங்கியதும் பெற்றோரின் அறையில் மணி ஒலிக்கவேண்டுமென எண்ணிய மாணவர், அசைவை அறியும் உணரியையும், கம்பியின்றிச் செய்தி செலுத்தும் அனுப்பியையும் ஒரே சிறு பெட்டியில் அடக்கிச் சுவரிற் பொருத்தினார். மணி ஒலித்தது. ஆனால், ஒருமுறை தொடங்கினால் எவரும் அசையாதபோதும் திரும்பத் திரும்ப ஒலித்தது. மூன்றாம் இரவு தாயார் பொறுமையிழந்து அதனை நிறுத்திவிட்டார். அவ்விரவிலேயே அம்மம்மா தனியே எழுந்து முற்றத்துப் படிவரை சென்றுவிட்டாராம். நல்லவேளையாகத் தீங்கொன்றும் நேரவில்லை.

"உணரியின் கூர்மையைக் குறைத்தேன், இடத்தை மாற்றினேன், புதிய உணரியும் வாங்கினேன். பயனில்லை. குற்றம் எங்கே?" என்று வினவுகிறார் மாணவர்.

அவர் பயன்படுத்தியது, மாணவர் பலரும் வாங்கும் எச்.சி.-எஸ்.ஆர். 501 என்னும் உணரி. அது தானாகக் கதிர் எதனையும் வீசுவதில்லை. நமது உடல் வெளிவிடும் செந்நிறக்கீழ்க் கதிர்களையே அது நோக்கியிருக்கிறது. அதனுள் அருகருகே இரு நுண்ணிய பகுதிகள் உள. வெப்பமுள்ள உடலொன்று குறுக்கே நகரும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக வெப்பம் பெறுகின்றன. அந்த வேறுபாடே அசைவின் அடையாளம். அதனால் எழும் மின்னழுத்தமோ மிகமிகச் சிறிது; அதனைப் பன்மடங்கு பெருக்கிய பின்னரே கருவி முடிவு செய்கிறது. ஆகவே அயலில் எழும் சிறு குழப்பமும் அதற்குப் பேரொலியாகிவிடும்.

நாமும் அதே அமைப்பை ஒரு பலகையில் இணைத்துச் சோதித்தோம். முதலில் அனுப்பியைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் தடையியொன்றுடன் ஒளிகாலும் இருவாயியை இணைத்தோம். மின் கொடுத்த முதல் நிமிடத்தில் உணரி தானாகவே தடுமாறும்; அது கழியும்வரை காத்திருந்தோம். பின்னர் கையை ஒருமுறை அசைத்துவிட்டு வெளியேறி, கதவிடுக்கால் நோக்கினோம். விளக்கு எரிந்தது, அணைந்தது, பின் எரியவேயில்லை. உணரி குற்றமற்றது.

அனுப்பியை மீண்டும் இணைத்தோம். பழைய தொல்லை திரும்பியது. அனுப்பிக்குத் தனி மின்கலவடுக்குக் கொடுத்தோம், தொல்லை தீரவில்லை. அரை மீற்றர் அப்பால் நகர்த்தினோம், உடனே அடங்கிற்று. காரணம் வெளிப்பட்டது. அனுப்பி 433 மெகா ஏற்சு மீடிறனில் அலை வீசுகிறது. அவ்வலை அருகிலுள்ள உணரியின் கம்பிகளிற் புகுந்து அதனைக் கிளறுகிறது. உணரி அதனை அசைவென்று எண்ணி மறுபடியும் அனுப்பியை ஏவுகிறது. காவலனைக் குறை கூறினோம். குழப்பம் விளைத்தவனோ தூதன்!

இனிப் பரிகாரம். இரண்டையும் வெவ்வேறு பெட்டிகளில் இயன்ற அளவு விலக்கி வையுங்கள். அன்ரெனாக் கம்பி அலைநீளத்தின் காற்பங்காகிய ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் இருக்கட்டும். அது உணரியை விலகி நிற்கட்டும். உணரியின் மின்வாய்களுக்கு நெருக்கமாக 100 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவியொன்றையும், 0.1 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவியொன்றையும் இணையுங்கள். சதுர வடிவான சிறிய 9 வோல்ற்று மின்கலம் பாரந் தாங்காது. அனுப்பி இயங்கும்போது அதன் அழுத்தம் விழும். 1.5 வோல்ற்று மின்கலங்கள் நான்கைத் தொடராக இணைத்தல் நன்று.

வேறொன்றும் நினைவிலிருக்கட்டும். நேரே நெருங்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரையே உணரி எளிதில் அறியும். ஆதலால் அம்மம்மா குறுக்கே நடக்கும் பக்கத்திற் பொருத்துக. வெக்கைமிக்க நண்பகலில் சுவரும் உடலும் ஏறக்குறைய ஒரே வெப்பமாகும்போது அதன் பார்வை மங்கும். எனவே பகலிலும் இரவிலும் சோதித்தல் வேண்டும்.

மாணவர்களே, பழுதுகண்ட இடத்தில் ஒரே வேளையில் பலவற்றை மாற்றாதீர். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய உணரிக்குச் செலவழித்த பணம் அவ்வாறே மிஞ்சியிருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பொய்யாக ஒலிக்கும் மணியை விரைவில் எவரும் நம்பார். மெய்யாக ஒலிக்கும்போதும் எழுந்திரார். ஆதலால் ஒரு வாரமேனும் பிழையின்றி இயங்கும்வரை, அம்மம்மாவின் அருகில் ஒருவர் படுத்துறங்குக. பிள்ளையின் கருவியைப் பழிக்கவும் வேண்டாம். அது பாசத்தினாற் செய்யப்பட்டது.