மாதேரான் ஏரிக்கு ஒரு நடை

செம்பூரில் வாழும் நம்மவர் குடும்பங்களில் விடுமுறை என்றால் ஊர்ப் பிரயாணம் என்பதே பொருள். ஆண்டெல்லாம் சேர்த்த விடுப்பும் பணமும் திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் பாலக்காட்டுக்கும் போய் வருவதிலேயே செலவாகி விடுகின்றன. அது வேண்டியதுதான். ஆயினும், காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு காடும் ஏரியும் இருப்பதை நம் குழந்தைகள் அறியாமல் வளர்வது வருந்தத்தக்கது. ஆகவே இம்மாதம் மாதேரானைப் பற்றி எழுதுகின்றோம்.

செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறிக் குர்லாவில் இறங்கி, கர்ஜத் வண்டிக்கு மாறினால் நேரல் நிலையம் சேரலாம். அங்கிருந்து மலைமேல் செல்ல, 2 அடி அகலமே உள்ள சிறிய ரயில் பாதை உண்டு. சர் ஆதம்ஜி பீர்பாய் என்னும் வணிகர் பொருளுதவ, அவர் புதல்வர் அப்துல் ஹுசேன் முன்னின்று அமைத்த இப்பாதை 1907-இல் திறக்கப்பட்டது. சுமார் 21 கிலோமீட்டர் தூரத்தை வண்டி இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வளைந்து வளைந்து ஏறுகிறது. ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு, தாமதத்தைப் பிரயாணிகள் மனமுவந்து அனுபவிக்கும் வண்டி இஃதொன்றே என்று தோன்றுவதுண்டு. மழைக்காலத்தில் இவ்வண்டி நேரலிலிருந்து புறப்படாது. அப்போது வாடகை மோட்டாரில் தஸ்தூரி வரை சென்று, அருகிலுள்ள அமன் லாட்ஜ் நிலையத்தில் மாதேரானுக்குச் சிறு வண்டி பிடிக்கலாம், நடந்தும் செல்லலாம்.

தஸ்தூரிக்கு அப்பால் பிரயாணிகளின் மோட்டார்களுக்கு அனுமதி இல்லை. இம்மலைப் பகுதியைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்குரியதாக மத்திய அரசு 2003-இல் அறிவித்தது. மராட்டியில் ‘மாதா’ என்றால் தலை, ‘ரான்’ என்றால் காடு. மலையின் தலைமேல் காடு என்று பெயரே சொல்லிவிடுகிறது. 1850-இல் தானா கலெக்டர் மாலெட் இதனைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவார்கள். மலைவாழ் மக்களுக்கு அதற்கு முன்பே தெரிந்த காடு அது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கடைவீதியிலிருந்து சார்லட் ஏரிக்குச் செல்லும் பாதை செம்மண் பாதை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், செங்குத்தான ஏற்றம் அதிகம் இல்லை. முதியோரும் சிறுவரும் நிதானமாக நடக்கலாம். இரு மருங்கிலும் நாவல், மா, கடுக்காய் மரங்கள். மராட்டியர் அஞ்சனி என்று அழைக்கும் மரம் நம் காயா மரமே. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லக் கேட்டும் அந்தப் பூவைக் காணாதவர்கள் அது பூக்கும் பருவத்தில் இங்கே கண்டு மகிழலாம். அண்ணாந்து பார்த்தால், நீண்ட வாலையுடைய மலை அணில் கிளைவிட்டுக் கிளை தாவுவதைக் காணும் பாக்கியமும் கிட்டலாம். பாதையின் முடிவில் ஏரி. அதன் அருகே பிசர்நாத் என்னும் சிவாலயம்.

இவ்வேரி வெறும் காட்சிக்காக ஏற்பட்டதன்று. ஊரின் குடிநீர் ஆதாரம். ஆகையால் இதில் குளித்தலும் துவைத்தலும் ஆகா. மழை வெள்ளத்தை மரங்களின் வேர்களும் உதிர்ந்த சருகுகளும் தடுத்து மெல்ல மெல்ல இறக்குகின்றன. மரங்கள் அழிந்தால் செம்மண் கரைந்து ஏரியில் படியும். பின்னர் நீர் ஏது? செம்பூரில் நம் வீட்டுக் குழாயில் வரும் நீரும் பாத்சா, வைதரணா, தான்சா முதலிய தொலைவிலுள்ள ஏரிகளின் நீரே. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று மட்டும் அறிந்த குழந்தைக்கு, தண்ணீருக்குப் பின்னால் ஒரு காடு நிற்கிறது என்பதைக் காட்ட இவ்விடமே சிறந்த பள்ளிக்கூடம்.

இவ்வூரில் மனிதர் மனிதரை வைத்து இழுக்கும் கைரிக்‌ஷா நெடுங்காலம் வழக்கில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்களுடன் வந்த முதிய அம்மையார் ஒருவருக்கு முழங்கால் வலி. ரிக்‌ஷா பேசினோம். இழுக்க வந்தவரின் நரைத்த தலையைக் கண்டதும், “என் வயசுதானே இருக்கும் இவருக்கு? நான் உட்கார, இவர் இழுக்கிறதா?” என்று அவர் ஏற மறுத்துவிட்டார். ஆனால் அவர் நடந்ததனால் அன்று அந்த மனிதருக்குக் கூலி போயிற்று. இரக்கம் மட்டும் வயிற்றை நிரப்பாதன்றோ! 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கத்தை ஆறு மாதங்களுக்குள் நிறுத்த வேண்டும் என்றும், இழுத்துப் பிழைத்தவர்களுக்கு மின்சார ரிக்‌ஷாவின் மூலம் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. அவ்வாணையில் இவ்விரண்டும் சேர்ந்தே இருப்பதுதான் நமக்கு நிறைவு அளிக்கிறது.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். மெத்தென்ற காலணி அணிக. புளியோதரையும் தயிர்ச் சோறும் எடுத்துச் செல்லலாம். குரங்குகள் பறிக்கும், எச்சரிக்கை. உண்ட இலையும் பிளாஸ்டிக் பையும் நம்முடனேயே திரும்பி வரட்டும். காட்டில் பாட்டுப் பெட்டி வேண்டா; பறவைகளின் குரலே போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நடக்கும் வேகமே அந்தப் பாதைக்கு ஏற்ற வேகம்.