குட்டை மூக்கும் கத்திரி வெயிலும்

கடந்த கத்திரி வெயிலில் ஒரு நண்பகல், அண்டை வீட்டாரின் பக் இன நாயைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல நேர்ந்தது. அதன் நாக்கு நீலம் பாரித்திருந்தது. சிறிது தூரம் நடந்ததே காரணம். 'எப்போதும் குறட்டை விடும்; அது இந்த ஜாதி நாயின் சுபாவம் என்று இருந்துவிட்டோம்' என்றார் அவர்.

அவரை மட்டும் குறைகூற இயலாது. பிரிட்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுப்பாதை அடைப்பு உள்ள நாய்களின் உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தங்கள் நாய்க்கு மூச்சுக் கோளாறே இல்லை என்று கூறியிருந்தனர்.

பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றின் மண்டையோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கிய மனிதன், அதனுள் இருக்கும் தசையைக் குறுக்கவில்லை. நாசித்துவாரம் வெறும் கீறலாகச் சுருங்கியது; நீண்ட மெல்லண்ணம் தொண்டைக்குள் தொங்கிக் காற்றை மறிக்கிறது. அடைப்பை மீறி இழுத்து இழுத்து மூச்சு விடுவதால், காலப்போக்கில் குரல்வளையும் தளர்ந்து உள்நோக்கிச் சரிகிறது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மேல்மூச்சு வாங்கித்தான் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. அந்த வழியே அடைபட்டால் நமது கோடையை எப்படித் தாங்கும்?

நாசித்துவாரத்தை அகலப்படுத்தி, மிகுதியான மெல்லண்ணத்தை வெட்டி நீக்கும் அறுவை சிகிச்சை உண்டு. குரல்வளை சரியும் முன்பே செய்தால் பலன் அதிகம். மயக்கம் தெளியும் வேளையில் தொண்டை வீங்கக்கூடும் என்பதால், அடுத்து வரும் மணி நேரங்களில் தீவிரக் கண்காணிப்பு தேவை. பெரும்பாலான நாய்கள் நிம்மதி அடைகின்றன என்றாலும், நீண்ட மூக்குள்ள நாயின் மூச்சு அவற்றுக்கு வாய்த்துவிடுவதில்லை.

அண்டை வீட்டு நாய்க்கும் அந்தச் சிகிச்சை நடந்தது. சில வாரங்களில், குட்டியை விற்றவரே தொலைபேசியில் அழைத்து, இணை சேர்க்க அதை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அறுவை சிகிச்சையைச் சொன்னதும், 'அதனால் என்ன சார், இப்போது நன்றாகத்தானே மூச்சு விடுகிறது?' என்றாராம். என் கவலை இதுதான். கத்தி அந்த ஒரு நாயைக் காப்பாற்றுகிறது. அது ஈனும் குட்டிக்கு அதே குட்டை மூக்கே வாய்க்கிறது.

2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் சிறுவனின் பின்னால் ஓடிய பக், இந்நாட்டில் அந்த இனத்துக்குப் பெரும் சந்தையை உருவாக்கியது. தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நமது தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பக், பிரெஞ்சு புல்டாக் உள்ளிட்ட சில இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை விதிக்க முற்பட்டது. அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. நோக்கம் சரியே. ஆனால், தடை மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. வியாபாரம் கொல்லைப்புறத்துக்கு இடம்பெயரும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கிளப்பும் 2019-இல் ஒரு பரிசோதனையைக் கொண்டுவந்தன. நாயை மூன்று நிமிடம் வேகமாக நடத்தி, முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, பூஜ்யம் முதல் மூன்று வரை தரமிடுகிறார்கள். மூன்றாம் தர நாயை இணை சேர்க்கக் கூடாது என்பது அறிவுரை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இணை சேர்க்கும் முன் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, மூச்சுப்பாதை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாய்க்கு இனப்பெருக்க அனுமதியை மறுத்து, அதை உரிமப் பதிவிலும் குறிக்க வேண்டும். குட்டி வாங்கச் செல்வோரும் விலை பேசும் முன், அதன் தாயைச் சற்று நடக்கவிட்டு மூச்சைக் கேட்கலாம்.