ஓய்வுக்குப் பிறகு எம்பிஏ: விளையாட்டு வீரர்களுக்கு கதவு திறக்கிறதா?

33 வயதில் ஒரு ஐடி ஊழியர் மேனேஜர் ஆகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அதே வயதில் ஒரு விளையாட்டு வீரருக்கு ரிட்டயர்மென்ட். மீதமிருக்கும் முப்பது வருஷத்துக்கு என்ன செய்வது? உலகம் முழுக்க பல வீரர்கள் பிசினஸ் படிப்பு பக்கம் திரும்புகிறார்கள்.

ஜெர்மனி கோல்கீப்பர் ஆலிவர் கான் 2008-ல் ஓய்வு பெற்று, 2012-ல் ஆஸ்திரியாவில் எம்பிஏ முடித்தார். 2021-ல் பேயர்ன் மியூனிக் கிளப்பின் சிஇஓ ஆனார். 2023 மே மாதம், அணி பட்டம் வென்ற அதே நாளில் அவருடைய நீக்கம் அறிவிக்கப்பட்டது. அந்த உலகத்தில் எம்பிஏ இருந்தாலும் நாற்காலிக்கு உத்தரவாதம் இல்லை, கோச்சுக்கு எப்படியோ அப்படித்தான்.

வின்சென்ட் கோம்பனி ஓய்வு வரைக்கும் காத்திருக்கவில்லை. மான்செஸ்டர் சிட்டி கேப்டனாக இருந்தபடியே, அதே ஊர் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படித்து, ஐந்து வருஷம் போல எடுத்துக்கொண்டு எம்பிஏ வாங்கினார். சொந்த மைதானத்தில் ஆடுவதால் கிடைக்கும் சாதகத்தை கிளப்புகள் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் அவருடைய ஆய்வு. இன்று அவர் பேயர்ன் கோச்.

இவர்களிடம் பெயரும் தொடர்புகளும் ஏற்கெனவே இருந்தன. படிப்பு கூடுதலாகக் கொடுத்தது வேறு: பேலன்ஸ் ஷீட் வாசிக்கத் தெரிவது, ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகளைக் கேள்வி கேட்பது.

இந்தியாவில் சிக்கல் எங்கே?

ஃபீஸைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் முதல் தடை டிகிரி. கேட் தேர்வு எழுத, பொதுப் பிரிவினருக்கு இளங்கலையில் 50% மதிப்பெண் வேண்டும். பள்ளி முடித்த கையோடு கேம்ப், டூர் என்று போய்விட்ட கபடி வீரரோ ஹாக்கி வீராங்கனையோ அந்த வாசலிலேயே நின்றுவிடுவார். பி.வி. சிந்து எம்பிஏ படித்தவர். வெங்கடேஷ் ஐயர் ஐபிஎல்லுக்கு வருவதற்கு முன்பே ஃபைனான்ஸில் எம்பிஏ முடித்தவர். இருவருமே ஆட்டத்தோடு சேர்த்து படிப்பையும் நகர்த்தியவர்கள், ஓய்வுக்குப் பிறகு தொடங்கியவர்கள் அல்ல.

இன்னொன்றும் உண்டு. ரயில்வே, போலீஸ், வங்கி என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கிடைத்துவிட்டால் படிக்கும் அவசரம் போய்விடுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. குடும்பம் ஓடுவதே அந்தச் சம்பளத்தில்தான்.

மத்திய விளையாட்டு அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'ரீசெட்' திட்டம் இந்தத் தடையைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற, 20 முதல் 50 வயதுக்குட்பட்ட வீரர்களுக்கான இந்தப் பயிற்சியில், 12-ம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு ஒரு பிரிவு, 11-ம் வகுப்பும் அதற்குக் கீழும் படித்தவர்களுக்குத் தனிப் பிரிவு. ஆனால் இது வேலைக்கான பயிற்சி, நிர்வாகப் பட்டம் அல்ல. அந்த இடைவெளிக்கு இப்போதைக்கு நடைமுறை வழி ஒன்றுதான்: ஆடிக்கொண்டிருக்கும்போதே தொலைதூரக் கல்வியில் ஒரு டிகிரி முடித்து வைப்பது.

இதற்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 2025-ல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டப்படி, ஒவ்வொரு தேசிய விளையாட்டு அமைப்பின் நிர்வாகக் குழுவிலும் சிறந்த வீரர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். மைதானத்திலிருந்து நேராக அந்த மேஜைக்குப் போகிறவர் முன்னால் முதல் கூட்டத்திலேயே வரப்போவது பட்ஜெட்டும் ஸ்பான்சர் ஒப்பந்தமும்தான்.