பாலும் வேண்டாம் என்பவரும் பசு கேட்பவரும்

‘வீகன்’ என்ற சொல் இப்போது எங்கள் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள்தான் பெரும்பாலும் அதைக் கொண்டு வருகிறார்கள். ஆசையோடு பால் காய்ச்சி வைத்த அம்மம்மா, “மச்சம் வேண்டாம் எண்டால் சரி, பாலுமா வேண்டாம்?” என்று திகைத்து நிற்பதை ஒன்றிரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சன் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் ஒரு சங்கம் அமைத்தபோது இந்தச் சொல் பிறந்தது. மீன், இறைச்சியோடு நிற்காமல் பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் தவிர்ப்பது அவர்களுடைய கொள்கை. எங்கள் சைவச் சாப்பாட்டில் பாலுக்கும் நெய்க்கும் உயர்ந்த இடம் உண்டு. ஆகவே இது எமக்குப் புதினமாகப் படுவதில் வியப்பில்லை.

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற சனத்துக்குச் சாப்பாட்டைத் தவிர்க்கிற கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடற்கரை ஊரில் பிறந்து, மீன் வாசம் இல்லாத மதியச் சாப்பாட்டை அறியாமல் வளர்ந்த நான், கடந்த ஏழு வருடங்களாக மீனும் முட்டையும் பாலும் இல்லாமல் சாப்பிட்டு வருகிறேன். அதே ஏழு வருடமும் மீளக்குடியேறிய குடும்பங்களுக்குப் பசுவும் கோழியும் வழங்கும் வாழ்வாதாரத் திட்டங்களிலும் வேலை செய்கிறேன். இவை இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று பயனாளிகள் கூட்டங்களிலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடை சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டு எழும்பி வந்தவர்களும், 2009இல் மெனிக்பாம் முகாமில் இருந்தவர்களும் மாதக்கணக்காக உண்டது அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்ற நிவாரணத்தைத்தான். அதிலும் மீன் இல்லை, முட்டை இல்லை. ஆனால் அதை ‘மரக்கறி வாழ்க்கை’ என்று யாராவது புகழ்ந்தால் அது எமது மக்களைக் கேலி செய்வதாகும். இல்லாமையால் உண்ணாதிருப்பது வேறு. இருக்கத்தக்கதாக வேண்டாம் என்பது வேறு. தானியேல் ஆகமத்தின் முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து பபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட நான்கு இளைஞர்கள், அரசனுடைய பந்தியை விலக்கி, பத்து நாட்களுக்கு மரக்கறியும் தண்ணீரும் மட்டும் தரும்படி கேட்கிறார்கள். இந்தப் பகுதியை நோன்பைப் பற்றிய பாடமாகவே நாம் வழக்கமாகப் பிரசங்கிக்கிறோம். எனக்கோ அது இடம்பெயர்க்கப்பட்ட நால்வர் தங்கள் தட்டில் என்ன விழவேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்த கதையாகத் தெரிகிறது. ஊரும் மொழியும் பெயரும்கூட மாற்றப்பட்டவர்களுக்கு அந்த ஒரு தீர்மானம் எவ்வளவு பெரிது என்பதை முகாம் வாழ்க்கை கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் இந்த வழிக்கு வந்தது தபசு காலத்தில். விபூதிப் புதனிலிருந்து சுத்தபோசனம், வெள்ளியில் ஒருசந்தி என்று எங்கள் பெற்றோர் கைக்கொண்ட ஒழுங்கில் இறைச்சி இல்லை, மீன் உண்டு. ஒரு வருடம் மீனையும் பாலையும் சேர்த்து விட்டுப் பார்த்தேன். உயிர்ப்பு ஞாயிறு வந்த பிறகும் திரும்பிப் போக மனம் வரவில்லை. மனம் வராததற்குக் காரணம் பக்தியைவிட எங்கள் மாட்டுத் திட்டந்தான்.

பசு கன்று ஈன்றால்தான் பால் தரும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி நாம்பன். முன்பு நாம்பனுக்கு ஏரும் வண்டிலும் காத்திருந்தன. இன்று அந்த வேலையை லான்ட்மாஸ்டரும் உழவு இயந்திரமும் செய்கின்றன. ஆகவே நாம்பன் கன்று ஒரு வயதும் ஆகுமுன் வியாபாரியின் வாகனத்தில் ஏறுகிறது. பால் வற்றிக் கிழடான பசுவும் பின்னால் ஏறுகிறது. பாலுக்கும் இறைச்சிக்கும் இடையில் நாம் போடுகிற கோடு தொழுவத்தில் இல்லை, எங்கள் மனதில்தான் இருக்கிறது. 2020இல் மாடு வெட்டுவதைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது பலர் மகிழ்ந்தார்கள். கிழட்டு மாட்டுக்கு வைக்கலும் தண்ணீரும் யார் கொடுப்பது என்ற கேள்வியை, காணியில்லாத விவசாயி ஒருவரைத் தவிர வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை. பால் குடித்துக்கொண்டு இறைச்சிக் கடைக்காரரை ஏசுவது நேர்மையல்ல என்பது என் கருத்து. மீனை விட்டதற்கு அவ்வளவு வலுவான நியாயம் என்னிடம் இல்லை. மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் போயிற்று, அவ்வளவுதான்.

இந்த விடயத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. மச்சம் தின்னாதவன் உயர்ந்தவன், தின்பவன் தாழ்ந்தவன் என்ற கணக்கு எங்கள் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. சட்டி தொடாதே, பந்தியில் சமமாக இராதே என்றெல்லாம் அந்தக் கணக்கு பேசியது. வலை இழுக்கிறவரையும் ஆடு வளர்க்கிறவரையும் தாழ்த்துவதற்கு மரக்கறிச் சட்டி ஒரு கருவியாக இருந்ததை நாம் மறந்துவிடலாகாது. என் உணவு முறையைக் கண்டு, “சுவாமி இப்ப சுத்தமாகிவிட்டார்” என்று ஒருவர் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் ஏற்கவில்லை. மீன் உண்ணும் என் தாயார் அசுத்தமானவர் அல்லர்.

வீடு தரிசிக்கப் போகும்போது கிடைக்கும் ஒரு நன்மையையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம். சுவாமி வருகிறார் என்றால், முட்டையிடுகிற ஒரே கோழியை அடித்துக் கறி வைக்கும் வழக்கம் எமது மக்களிடம் உண்டு. கடன் வாங்கியாவது மீன் வாங்குவார்கள். இப்போது கோழிகள் என்னைக் கண்டு பயப்படுவதில்லை. முருங்கை இலைச் சுண்டலும் பருப்பும் சோறும் போதும் என்று தெரிந்தபின், அழைக்கத் தயங்கிய வீடுகளும் அழைக்கின்றன. (பால் தேத்தண்ணி தரமுடியவில்லையே என்ற வெட்கமும் இல்லை. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாவுக்கு ஏறியபோது நாடே வெறும் தேத்தண்ணிக்கு வந்ததல்லவா?)

இனி உடம்பின் பக்கம். மரக்கறி மட்டும் உண்டால் பலம் வராது என்பது முழு உண்மையல்ல. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் என்றால், அதேயளவு பயறிலும் மைசூர்ப் பருப்பிலும் 24 கிராமளவு இருக்கிறது. கச்சானில் 25 கிராம், சோயாவில் 36 கிராம். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ளதைப் பருப்பு நிரப்புகிறது, பருப்பில் குறைவாக உள்ளதை அரிசியும் எள்ளும் நிரப்புகின்றன. எங்கள் ஆச்சிமார் சோற்றுக்குப் பருப்பு சேர்த்தது வீண்போகவில்லை. பசுப்பால் 100 மில்லிலீற்றரில் கல்சியம் ஏறக்குறைய 120 மில்லிகிராம். குரக்கன் 100 கிராமில் 340 மில்லிகிராமளவு. அது முழுவதும் உடம்பில் சேர்வதில்லை என்றாலும் குரக்கன் புட்டும் ரொட்டியும் சின்ன விடயமல்ல. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரத் தேசிக்காய்ப் புளி உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி அதைத் தடுக்கும். ஆகவே சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை, குறிப்பாகப் பெண்கள், ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போடுவது நல்லது.

ஆனால் பன்னிரண்டாம் பீ விற்றமின், அதாவது பீ-12, இந்தக் கணக்குக்குள் அடங்காது. எந்த இலையிலும் கிழங்கிலும் பருப்பிலும் நம்பத்தக்க அளவில் அது இல்லை. மீன், முட்டை, பால், இறைச்சியிலிருந்துதான் நமக்கு வருகிறது. உடம்பு அதைச் சில வருடங்களுக்குச் சேமித்து வைத்திருக்கும். சேமிப்புத் தீர்ந்தால் இரத்தசோகையும், கை கால் விறைப்பும், நரம்புப் பாதிப்பும் வரும். நான் அதற்குக் குளிசை எடுக்கிறேன். குளிசை வாங்க வசதியில்லாதவரும், தொடர்ந்து எடுப்பேன் என்ற உறுதி இல்லாதவரும் இந்த உணவு முறைக்கு வரவேண்டாம். கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியர் ஆலோசனையின்றி இதில் இறங்கவே கூடாது. தாயிடம் அந்தச் சத்து இல்லையென்றால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். உங்கள் பிள்ளைக்கு முட்டையோ நெத்தலிக் கருவாடோ கிடைக்குமானால் கொடுங்கள். சுவாமி உண்பதில்லை என்பதை அதற்குக் காட்டவேண்டாம்.

எத்தியோப்பியாவை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அந்நாட்டின் ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடாமல் நோன்பு இருக்கிறார்கள். அதே எத்தியோப்பியாவில்தான் ஆபிரிக்காவிலேயே அதிகமான மாடுகள் இருக்கின்றன. நோன்பு நாட்களில் கடலை மாவில் காய்ச்சிய குழம்பும் பருப்பும் கீரையும் அவர்களுடைய உணவு. சிறு பிள்ளைகளுக்கும் நோயாளருக்கும் கட்டாயம் இல்லை. மாடும் இருக்கலாம், மாட்டை நம்பாத சாப்பாடும் இருக்கலாம் என்று ஓர் ஏழை விவசாய நாடு காட்டுகிறது.

எங்கள் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். கொள்கையில் கடுமையான வீகன்காரர் மாட்டெருவைக்கூட ஏற்பதில்லை. தறையில் பட்டி அடைத்து எருவேற்றிய எங்களுக்கு அது நடைமுறையில் வராத பேச்சு. என்றாலும் பூவரசங்குழை தாழ்த்தி, சணல் விதைத்து மடித்து உழுது நிலத்தை வளமாக்கியவர்களும் நாம்தான். மாடு இல்லாத குடும்பத்தின் நிலமும் வளமாக இருக்கலாம். சொந்தக் காணி இன்னும் கைக்கு வராமல் பிறர் வளவில் குடியிருக்கும் குடும்பங்கள் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களிடையே இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஏனென்றால் உதவித் திட்டங்கள் வரும்போது பசுதான் பட்டியலில் முதலில் நிற்கிறது. படத்துக்கும் அது நன்றாக இருக்கும். பசு வேண்டும் என்று கேட்கும் குடும்பத்துக்குப் பசு கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் தட்டு என்னுடையது, உங்கள் தொழுவம் உங்களுடையது. அப்படிப்பட்ட விண்ணப்பங்களில் தயக்கமின்றிக் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் மேய்ச்சல் நிலமும், கிணற்றுத் தண்ணீரும், புண்ணாக்கு வாங்கக் காசும், கூப்பிட்டால் வரக்கூடிய கால்நடை வைத்தியரும் இல்லாத இடத்தில் நல்லினப் பசுவைக் கொண்டுவந்து கட்டுவது குடும்பத்துக்கும் தண்டனை, மாட்டுக்கும் தண்டனை. அப்படிப்பட்ட குடும்பம், “எங்களுக்கு மாடு வேண்டாம், அந்தக் காசுக்கு உழுந்து, பயறு, கச்சான் விதையும் ஒரு நீர்ப்பம்பியும் தாருங்கள்” என்று கேட்கத் துணிய வேண்டும். திட்டக்காரரும் அதைக் கேட்டுக்கொள்ளும் காது உள்ளவர்களாக இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அப்படி எழுத இடமே வைக்காத நிறுவனங்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஷெல் விழத் தொடங்கியதும் கட்டையில் நின்றால் செத்துப்போகும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்த மாடுகளைப் பற்றி எத்தனையோ பேர் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார்கள். அதே பேர்களில் சிலர் விதை முடிச்சை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த முடிச்சிலிருந்த பயற்றங்காயும் கத்தரியும் முகாம் கூடாரத்தின் பக்கத்திலேயே முளைத்தன. பனைகளில் எவ்வளவோ பங்கர்களுக்குத் தறிக்கப்பட்டுவிட்டாலும் மிஞ்சியவற்றின் கிழங்கிலிருந்து ஒடியல் கூழ் இன்றும் காய்ச்சலாம். நண்டும் மீனும் போடாவிட்டால் கூழல்ல என்பார்கள் எங்கள் கடற்கரைக்காரர். பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய், முருங்கை இலை, பழப்புளி, செத்தல் மிளகாய் சேர்த்துக் காய்ச்சிய கூழை அவர்களுக்கே கொடுத்துப் பார்த்தேன். சட்டி மிஞ்சவில்லை, “நண்டு மட்டும் போட்டிருந்தால்” என்ற முறைப்பாடு மிஞ்சியது.

காணி இல்லாதவர்கள் உரப் பையில் மண் நிரப்பிப் பொன்னாங்காணியும் வல்லாரையும் வைக்கலாம். கிணற்றடித் தண்ணீரே போதும். வேலி இருக்கிறவர்கள் கிளுவைக் கதியால்களுக்கு இடையிடையே முருங்கையும் நடலாம். வீட்டுக்கு இரண்டு மரம் நின்றால் இலைக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. எங்கள் பங்குமனை வளவில் நிற்கும் நான்கு முருங்கைகளையும் ஐப்பசி மழைக்கு முன் கிளை வெட்ட வேண்டியிருக்கிறது. கதியால் தேவைப்படுபவர்கள் புரட்டாதி முடியுமுன் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஐந்து தடிப்படி கொடுக்கலாம்.