தாடிக்குக் காரணம் தண்ணீர்தானா?

கடலில் நன்னீருக்குத் தட்டுப்பாடு, சவரத்துக்குத் தண்ணீர் ஏது, அதனால்தான் மாலுமிகள் தாடி வளர்த்தார்கள் என்று அடித்துச் சொல்கிறார் ஒரு கட்டுரையாளர். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் வரலாறோ நேர்மாறாக இருக்கிறது.

1805-இல் ட்ரஃபால்கர் போரில் மாண்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ஓவியங்களைப் பாருங்கள். மழுமழுவென்று மழித்த முகம். மரப்பீப்பாயில் நாள்பட்டு நாறிப்போன தண்ணீரை அளந்து குடித்த காலம் அது. அப்போதே கடற்படையினர் சவரம் செய்துகொண்டார்கள்! நீராவிக் கப்பல்கள் வந்து, கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் வசதியும் வந்த பிறகு, 1869-இல்தான் தாடிக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது. அதுவும் தாடியும் மீசையும் சேர்ந்தே இருக்க வேண்டும், தனி மீசை கூடாது என்ற நிபந்தனையோடு. கிரிமியப் போர் முடிந்து தாடியோடு திரும்பிய சிப்பாய்களைப் பார்த்து இங்கிலாந்தே தாடி வளர்த்த காலகட்டம் அது என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குத் தண்ணீர்க் காரணம் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அதை எல்லாக் கப்பலுக்கும் நீட்டுவதுதான் தவறு. அமெரிக்கக் கடற்படை 1970-இல் தாடியைத் தாராளமாக அனுமதித்தது, 1984-இல் தடை ஆணை பிறப்பித்தது. இடைப்பட்ட காலத்தில் கப்பலில் தண்ணீரின் அளவா மாறியது? தாடி இருந்தால் பாதுகாப்பு முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்தாது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

மாலுமியின் தாடியைத் தீர்மானித்தவை மேலிடத்து உத்தரவும் கரையின் நாகரிகமும்தான். கட்டுரையாளர் தன் கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும்.