மார்க்கத்தின் மீது ஏன் இந்தப் பழி?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஹென்னப்பின் என்றொரு கவுண்டி உண்டு. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. மின்னியாபொலிஸ் மாநகர் அதனுள் அடங்கும். உள்நாட்டுப் போரில் வீடிழந்த சோமாலிய முஸ்லிம்கள் 1990-களிலிருந்து அங்கே பெருந்தொகையாகக் குடியேறினர். 2017 ஏப்ரலில் அவர்களுடைய குழந்தைகளிடையே தட்டம்மை பரவிற்று. ஆகஸ்டில் அது ஓய்ந்தபோது மாநிலத்தில் நோயுற்றோர் 75 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஹென்னப்பினைச் சேர்ந்த, தடுப்பூசி போடப்படாத சோமாலியச் சிறார். எவரும் இறக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

செய்தி கேட்டவுடன் தலையசைப்போர் சிலர் உளர். “முஸ்லிம்கள் அல்லவா? மார்க்கம் தடுத்திருக்கும்” என்பர். இவர்களில் அயலார் மட்டுமில்லை, நம்மவரிலும் படித்தவர் இருக்கின்றனர் என்பதே நமக்கு வருத்தம். அவர்களிடம் ஓர் எளிய கணக்கை வைக்கிறோம். 2004-இல் அம்மாநிலத்துச் சோமாலியக் குழந்தைகளில் நூற்றுக்கு 92 பேர் இந்தத் தடுப்பூசியைப் போட்டிருந்தனர். 2014-இல் அது 42 ஆகச் சரிந்தது. 2004-இலும் அவர்கள் முஸ்லிம்கள்தாம். அதே கலிமா, அதே தொழுகை. பத்தாண்டுகளில் மாறியது மார்க்கமா?

மாறியது வேறு. 2008 வாக்கில், தங்கள் பிள்ளைகளுள் ஆட்டிஸம் உள்ளோர் மிகுதியாகத் தெரிகிறார்களே என்று தாய்மார் கேட்டனர். பேச வேண்டிய வயதில் பேசாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கப்பட்ட கேள்வி அது. அதற்கு முழுமையான ஆய்வு விடை மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது 2013-இன் இறுதியில்! சோமாலியப் பிள்ளைகளில் 32-க்கு ஒருவர், வெள்ளையர் பிள்ளைகளில் 36-க்கு ஒருவர். இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றது அவ்வாய்வு. ஆனால் இடைப்பட்ட ஐந்தாண்டுகள் வெற்றிடமாகவா கிடந்தன?

அந்த இடத்தில் வந்து அமர்ந்தவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். பன்னிரண்டே குழந்தைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசியோடு ஆட்டிஸத்தைத் தொடர்புபடுத்தி 1998-இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வெளியிட்ட மருத்துவர். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் வழியே தமக்குப் பணம் வந்ததை அவர் மறைத்தார். 2010-இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. தம் நாட்டில் செல்லாக் காசாகிவிட்ட அம்மனிதர் 2010, 2011 ஆண்டுகளில் மின்னியாபொலிஸுக்கு வந்து சோமாலியப் பெற்றோரைச் சந்தித்தார். ஊரார் ஒதுக்கிய சரக்கை அகதியின் தலையில் கட்டும் வாணிபம் இது. இதற்கு மார்க்கத்தையா கூண்டில் ஏற்றுவது?

சுகாதாரத் துறையையும் நாம் விடப்போவதில்லை. நோய் பரவியபின் கவுண்டியும் மாநிலமும் உழைத்த உழைப்பை மறுப்பது நன்றிகேடு. நோயாளியோடு பழகியவரைத் தேடிக் கண்டனர். 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கலாம் என்பதால் ஓடினர். ஊசி போடாது நோய்க்கு ஆட்பட்ட பிள்ளைகளை 21 நாள் வீட்டில் இருத்தினர். சோமாலிய மொழி பேசும் ஊழியரையும் இமாம்களையும் துணைக்கழைத்தனர். இவையெல்லாம் நன்று. ஆனால் பள்ளிவாசலுக்கு வழி தெரிந்தது நோய் வந்த பிறகுதானா? வசதியற்ற குழந்தைகளுக்கு 1994 முதலே அந்நாட்டில் தடுப்பூசி இலவசம். மருந்தில் குறைவில்லை, காசில் குறைவில்லை. தாயின் முன் அமர்ந்து அவள் மொழியில் விடை சொல்ல ஆள் இல்லாததே குறை. அந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தைத்தான் வரவு செலவுத் திட்டம் போடுவோர் முதலில் வெட்டலாம் என எண்ணுகின்றனர். ஊசியை எண்ணிக் கணக்குக் காட்டலாம். ஒரு மாலை முழுவதும் பேசித் தீர்த்த அச்சத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது?

உலமாப் பெருமக்களுக்கும் ஒரு சொல். தட்டம்மையை அரபியில் ‘ஹஸ்பா’ என்போம். பெரியம்மை வேறு, இது வேறு என்று பிரித்தறிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தனி நூலே எழுதியவர் நம் அர்ராஸீ. அவர் பெயரை மேடைதோறும் பெருமையாக முழங்குகிறோம். ஊரில் வதந்தி உலவும்போது மட்டும், “இது டாக்டர்கள் விவகாரம்” என்று மிம்பரில் மௌனம் காக்கிறோம். வேக்ஃபீல்டுக்கு அந்த மௌனமும் உதவியாயிற்று.

மின்னசோட்டாவில் 2022-இலும் 2024-இலும் தட்டம்மை மீண்டும் வந்தது. இம்முறையும் பெரும்பாலும் ஊசி போடப்படாத குழந்தைகளுக்கே. 2017-இல் அமர்த்திய சோமாலிய ஊழியருள் எத்தனை பேர் நோயில்லாத நாள்களிலும் வீடு வீடாகச் சென்றனர், அதற்கு எத்தனை டாலர் ஒதுக்கப்பட்டது என்பதை அம்மாநில அரசும் கவுண்டிகளும் மக்கள் முன் வைக்கட்டும். மார்க்கத்தைக் கைகாட்டுவோர் அதன்பின் பேச வரட்டும்.